யார் முதலில் கிளம்புவது? - பாரடைஸ் ஊரின் 14 மண்டலங்கள்

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மலை முகட்டின் மேல் ஒரு ஊர். சுமார் 26,000 பேர். கீழே சமவெளிக்கு இறங்க நாலு ரோடு. இரண்டு பக்கமும் ஆழமான பள்ளத்தாக்கு. காட்டுத்தீ வருகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் காரை எடுத்தால் யாரும் நகர முடியாது. தேர் பார்த்துவிட்டு ஒரே சந்து வழியாகத் திரும்பும் கூட்டத்தை நினைத்துக் கொள்ளுங்கள். ஆக, யாரையாவது முதலில் அனுப்ப வேண்டும், யாரையாவது "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்ல வேண்டும்.

யாரை?

இது பரீட்சைக் கேள்வி இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் ப்யூட் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கும் பாரடைஸ் என்ற ஊர் இந்தக் கேள்விக்கு நிஜமாகவே உட்கார்ந்து விடை எழுதியது. எழுதிய பிறகு 2018ல் பரீட்சையும் வந்தது. 85 பேர் இறந்தார்கள். அந்த விடை எங்கே சரியாக இருந்தது, எங்கே தப்பிப் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

2008 கற்றுக் கொடுத்த பாடம்

பாரடைஸ், சியெர்ரா நெவாடா மலையடிவாரத்தில் பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். வீடு மலிவு, காற்று சுத்தம். அதனால் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் வந்து குடியேறினார்கள். ஊரில் சுமார் கால்வாசிப் பேர் 65 வயது தாண்டியவர்கள். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கீழே இறங்கும் நாலு ரோடுகளின் பெயர்கள் ஸ்கைவே, நீல் ரோடு, கிளார்க் ரோடு, பென்ட்ஸ் ரோடு. இதில் ஸ்கைவேதான் பெரியது.

2008 ஜூனில் ஹம்போல்ட் தீ என்ற காட்டுத்தீ ஊரின் தெற்குப் பக்கமாக வந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். தீ நெருங்கியதால் சில ரோடுகளை மூட வேண்டியிருந்தது. மிச்சம் இருந்த ரோட்டில் மணிக்கணக்கில் கார்கள் அப்படியே நின்றன. அந்த முறை பெரிய உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தீ இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால், நின்ற கார்களுக்குள்ளேயே எல்லாம் முடிந்திருக்கும்.

அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஊரை 14 மண்டலங்களாகப் பிரித்தார்கள். தீ எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்க மண்டலங்கள் முதலில் கிளம்ப வேண்டும். மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். எந்த மண்டலம் எந்த ரோட்டில் போக வேண்டும் என்று வரைபடம் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஸ்கைவேயில் ஏறும் பாதையையும் இறங்கும் பாதையாக மாற்றி, எல்லா வண்டியும் கீழ்நோக்கிப் போகும்படி 2016ல் ஒத்திகைகூட நடத்தினார்கள். வடக்கே மலைக்குள் போகும் ஒரு மண் பாதைக்கு 2013ல் தார் போடப்பட்டது. இவ்வளவு தயாராக இருந்த சின்ன ஊர் அமெரிக்காவிலேயே அதிகம் இருக்காது.

அதே வருடங்களில் வேறு சில முடிவுகளும் எடுக்கப்பட்டன. 2008 தீக்குப் பிறகு ப்யூட் கவுண்டியின் கிராண்ட் ஜூரி (பொதுமக்களில் சிலரைக் கொண்டு நிர்வாகத்தை ஆராயும் குழு) ஒரு அறிக்கை கொடுத்தது. வெளியேறும் ரோடுகள் போதாது, தீ அபாயம் உள்ள பகுதிகளில் புது வீடு கட்டுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வையுங்கள் என்றது அது. கவுண்டி நிர்வாகம் ஏற்கவில்லை. இன்னொன்று, ஊருக்கு நடுவில் ஸ்கைவே நாலு வழியாக இருந்தது. வண்டிகள் வேகமாகப் போய் விபத்து நடக்கிறது, நடப்பவர்களுக்கும் கடைகளுக்கும் நல்லது என்று அதில் ஒரு பகுதியைக் குறுக்கிவிட்டார்கள். சாதாரண நாளில் பார்த்தால் இது நல்ல முடிவுதான். சாதாரண நாட்கள்தானே அதிகம்!

2018 நவம்பர் 8, வியாழக்கிழமை

மே மாதத்துக்குப் பிறகு சொல்லும்படியாக மழை இல்லை. புல், மரம் எல்லாம் காய்ந்து கிடந்தது. வடகிழக்கில் இருந்து பலத்த காற்று. காலை ஆறரை மணி வாக்கில், ஊருக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் புல்கா என்ற இடத்தருகே, பிஜி அண்ட் ஈ என்ற மின்சாரக் கம்பெனியின் உயரழுத்தக் கம்பி ஒன்று கோபுரத்தில் இருந்து விடுபட்டது. அதைத் தாங்கிப் பிடித்திருந்த இரும்புக் கொக்கி, கிட்டத்தட்ட நூறு வருடம் பழையது, தேய்ந்து தேய்ந்து அன்று அறுந்தது. தீப்பொறி காய்ந்த புல்லில் விழுந்தது. பக்கத்தில் இருந்த கேம்ப் கிரீக் ரோட்டின் பெயரால் இதைக் கேம்ப் தீ என்கிறார்கள்.

காலை ஏழு மணிக்கு மேல் பாரடைஸ்காரர்கள் புகையைப் பார்த்து 911க்கு போன் போட ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் அழைத்தவர்களுக்குக் கிடைத்த பதில், தீ கான்கௌவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, பாரடைஸுக்கு ஆபத்து இல்லை என்பது. பதில் சொன்னவர்கள் மேல் கோபப்பட முடியாது. அவர்களிடம் இருந்த தகவல் அவ்வளவுதான்.

எட்டு மணி வாக்கில் முதல் வெளியேற்ற உத்தரவு வந்தது. திட்டப்படியே ஊரின் கிழக்கு ஓரத்து மண்டலங்களுக்கு மட்டும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த உத்தரவு வரும் நேரத்திலேயே ஊருக்குள் அங்கங்கே தீ பிடிக்கத் தொடங்கிவிட்டது.

திட்டம் தப்பிப் போன இடம் இதுதான். 14 மண்டலம் என்ற யோசனைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தீ ஒரு கோடு மாதிரி, ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்து வரும் என்ற நம்பிக்கை. கடல் அலை மாதிரி. அப்படி வந்தால் முன் வரிசை, பின் வரிசை என்று பிரிப்பதில் அர்த்தம் உண்டு. கேம்ப் தீ அப்படி வரவில்லை. எரியும் மரப்பட்டைகளையும் கங்குகளையும் காற்று தூக்கிக்கொண்டு வந்து முன்கூட்டியே ஊருக்குள் போட்டது. கிழக்கே ஒரு வீடு, நடுவில் ஒரு கடை, மேற்கே ஒரு காய்ந்த புல்வெளி என்று பல இடங்களில் ஒரே நேரத்தில் எரிந்தது. வரிசையில் கடைசியில் நிற்க வைக்கப்பட்டவர்களின் கொல்லையிலும் தீ.

கொஞ்ச நேரத்தில் ஊர் முழுவதும் கிளம்பச் சொல்ல வேண்டியதாயிற்று. 2008ல் பார்த்த அதே காட்சி இன்னும் மோசமாகத் திரும்பி வந்தது. ஸ்கைவேயில் கார்கள் ஊர்ந்தன. இரண்டு பக்கமும் எரிந்தது. காலை நேரத்திலேயே புகையில் ராத்திரி மாதிரி இருட்டு. சிலர் காரை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள்.

சொல்லப்படாதவர்கள்

உத்தரவு போட்டால் போதுமா? அது காதில் விழ வேண்டாமா?

அன்று எச்சரிக்கை அனுப்பியது கோட்ரெட் என்ற முறையில். வீட்டு லேண்ட்லைன் எண்கள் அதில் தானாக இருந்தன. செல்போன் எண்ணை அவரவர்தான் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தவர்கள் குறைவு. பதிவு செய்திருந்தவர்களிலும் பலருக்கு அழைப்பு போய்ச் சேரவில்லை. செல்போன் கோபுரங்கள் எரிந்தன, லைன்கள் நெரிசலில் திணறின. ஒரு பகுதியில் இருக்கும் எல்லா செல்போனுக்கும், பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும், ஒரே அடியாக அலறல் அனுப்பும் வசதி அமெரிக்காவில் அப்போதே இருந்தது. அன்று பாரடைஸுக்கு அது பயன்படுத்தப்படவில்லை. பலருக்குச் செய்தி சொன்னது பக்கத்து வீட்டுக்காரர், அல்லது ஜன்னலில் தெரிந்த ஜுவாலை.

ஆக, வரைபடத்தில் 14 மண்டலங்கள் இருந்தாலும் நடந்தது வேறு ஒரு பிரிவினை. போன் அடித்தவர்கள், அடிக்காதவர்கள். கார் இருந்தவர்கள், இல்லாதவர்கள். காருக்கு நடந்து போக முடிந்தவர்கள், முடியாதவர்கள்.

இரண்டு கட்டில்கள்

இந்தச் சம்பவத்தைப் பற்றிப் படித்ததில் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது ஒரு ஒப்பீடு.

ஊரின் கிழக்கு ஓரத்தில், பென்ட்ஸ் ரோட்டில், ஃபெதர் ரிவர் ஆஸ்பத்திரி இருந்தது. அதாவது தீ வந்த பக்கத்திலேயே. அன்று காலை உள்ளே 67 நோயாளிகள். அப்போதுதான் பிரசவமானவர்கள், படுத்த படுக்கையாக இருந்தவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. ஆம்புலன்ஸ் போதவில்லை. நர்ஸ்களும் டாக்டர்களும் மற்ற ஊழியர்களும் நோயாளிகளைத் தங்கள் சொந்தக் கார்களில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் ஒரு ஆம்புலன்ஸ் தீப்பிடித்தது. அதில் இருந்தவர்கள் பக்கத்தில் இருந்த ஒரு வீட்டுக்குள் ஒதுங்கி, அந்த வீட்டில் தீப்பற்றாமல் காவல் காத்து உயிர் பிழைத்தார்கள். 67 பேரும் ஆஸ்பத்திரியில் இருந்து வெளியே கொண்டுவரப்பட்டார்கள்.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். வீட்டுக்குக் கூட்டிப்போக யாரும் வராமல் மிச்சமிருந்த 22 பிள்ளைகளை இரண்டு ஆசிரியைகளும் ஒரு டிரைவரும் ஒரு பஸ்ஸில் ஏற்றி, ஐந்து மணி நேரம் தீக்கு நடுவில் ஊர்ந்து வெளியே கொண்டுவந்தார்கள். டிரைவர் தன் சட்டையைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து, பிள்ளைகள் மூக்கில் வைத்துக்கொள்ளக் கொடுத்தாராம். (2025ல் தி லாஸ்ட் பஸ் என்ற படம் இதை வைத்துத்தான் வந்தது.)

இப்போது இறந்தவர்கள் பக்கம் வருவோம். 85 பேரில் பெரும்பாலானவர்கள் 65 வயதைத் தாண்டியவர்கள். சிலர் காரில் சிக்கி இறந்தார்கள். ஆனால் அதிகம் பேர் கண்டெடுக்கப்பட்டது சொந்த வீட்டுக்குள், அல்லது வீட்டு வாசலை ஒட்டி. தனியாக இருந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருந்தவர்கள், கார் ஓட்டுவதை நிறுத்தியவர்கள் அவர்களில் உண்டு.

கொஞ்சம் யோசியுங்கள். நடக்க முடியாத ஒரு பாட்டி அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தால் பிழைத்திருப்பார். அதே பாட்டி போன வாரமே டிஸ்சார்ஜ் ஆகி, ரெண்டு தெரு தள்ளித் தன் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தால்? அதே உடம்பு, அதே தீ, அதே ரோடு. ஒரே வித்தியாசம், ஆஸ்பத்திரியில் அவர் பெயர் ஒரு பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவருக்கு அவரை வெளியே கொண்டு போவது வேலையாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவேடு இருந்த மாதிரி.

14 மண்டலத் திட்டம் இடங்களை வரிசைப்படுத்தியது. ஆட்களை வரிசைப்படுத்தவில்லை. மூன்றாம் மண்டலம் கிளம்பலாம் என்றால், மூன்றாம் மண்டலத்தில் இருக்கும் எல்லோரும் தானாகக் கிளம்பக்கூடியவர்கள் என்று அர்த்தம். கால்வாசிப் பேர் முதியவர்களாக இருக்கும் ஊரில் அந்த அர்த்தம் சரியாக வராது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2019 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் மாநிலத் தணிக்கை அதிகாரி ஒரு அறிக்கை வெளியிட்டார். ப்யூட் உள்பட மூன்று கவுண்டிகளை ஆராய்ந்து, முதியவர்கள், ஊனமுற்றவர்கள் போன்றவர்களைப் பேரிடரில் காப்பாற்ற மாநிலம் போதுமான அளவு தயாராக இல்லை என்று அதன் தலைப்பிலேயே எழுதினார். (தணிக்கை என்றால் பணக் கணக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு இது புதுச் செய்தி.)

ஆளுக்கு ஆள் முடிவெடுத்தால்?

சரி, மேலிடம் வரிசை போட்டதுதானே பிரச்சினை, அவரவரே முடிவெடுக்க விட்டால் என்ன என்று கேட்கலாம். அதையும் ஒரு இடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பல வருடங்களாக இருந்த கொள்கை, வீட்டைத் தயார் செய்து தங்கி நின்று காப்பாற்று, இல்லையென்றால் ரொம்ப முன்னாடியே கிளம்பிவிடு என்பது. முடிவு குடும்பத்தின் கையில். 2009 பிப்ரவரி 7, கறுப்பு சனிக்கிழமை என்று சொல்லப்படும் நாளில், அங்கே 173 பேர் இறந்தார்கள். அதிலும் பெரும்பாலோர் வீடுகளுக்குள். பிறகு நடந்த ராயல் கமிஷன் விசாரணையில், இறந்தவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் சின்னப் பிள்ளைகள், முதியவர்கள், நோயாளிகள் அல்லது ஊனமுற்றவர்கள் என்று தெரிந்தது. தங்கிப் போராட உடம்பில் தெம்பு வேண்டும், முன்னாடியே கிளம்ப வண்டி வேண்டும். இரண்டும் இல்லாதவர்களிடம் "நீங்களே முடிவு பண்ணுங்கள்" என்பது, முடிவு பண்ணும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான்.

முறைகள் எதிரும் புதிருமானவை. மாட்டிக்கொண்டவர்கள் ஒரே மாதிரியானவர்கள்.

வரிசையின் கடைசியில் இருப்பவர்

எங்கள் கம்பெனி சட்டப் பாடத்தில் ஒரு பகுதி உண்டு. ஒரு கம்பெனி திவாலானால் யாருக்கு முதலில் பணம், யாருக்குக் கடைசியில் என்ற வரிசை. அடமானம் வைத்துக் கடன் கொடுத்தவர், தொழிலாளர், அரசாங்கம், இப்படிப் போய் கடைசியில் சாதாரணப் பங்குதாரர். அதை மனப்பாடம் செய்யும்போது நாங்கள் கவனிக்காத விஷயம், கடைசியில் இருப்பவரிடம் "உனக்கு இல்லை" என்று யாரும் சொல்வதில்லை என்பது. "மிச்சம் இருந்தால் தருகிறோம்" என்றுதான் சொல்கிறார்கள். மிச்சம் இருக்காது, அவ்வளவுதான்.

தீயில் அந்த மிச்சம் என்பது நேரம். முதல் மண்டலத்தை முதலில் அனுப்பு என்று எழுதும்போது, கடைசி மண்டலத்துக்கும் நேரம் மிச்சம் இருக்கும் என்று நாம் பந்தயம் கட்டுகிறோம். 2008 தீ மாதிரி வந்தால் ஜெயிக்கலாம். 2018 தீ மாதிரி வந்தால் முடியாது.

அதற்காக மண்டலத் திட்டமே தப்பு என்று சொல்ல மாட்டேன். 85 பேர் இறந்தார்கள் என்றால், பல்லாயிரம் பேர் சில மணி நேரத்தில் அந்த நாலு ரோடு வழியாக வெளியே வந்தார்கள் என்பதும் உண்மை. வரைபடமும் ஒத்திகையும் அதில் நிச்சயம் உதவியிருக்கும். திட்டம் கைவிட்ட பிறகு அன்று தீயணைப்பு வீரர்களும் போலீஸாரும் எடுத்த முடிவுகளும் முக்கியம். ரோட்டில் சிக்கினால் சாவு நிச்சயம் என்று தெரிந்த இடங்களில், மேலே போக விடாமல் மக்களைத் தடுத்துப் பெரிய பார்க்கிங் திடல்களிலும் கான்கிரீட் கட்டடங்களிலும் நிறுத்தி வைத்தார்கள். தார் போட்ட வெட்டவெளியில் எரிய ஒன்றுமில்லையே! இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தப்பியதாகப் பின்னால் நடந்த ஆய்வு சொல்கிறது. யாரை வெளியேற்றுவது என்ற கேள்விக்குச் சில நேரம் சரியான பதில் "யாரையும் வேண்டாம், இங்கேயே நில்லுங்கள்" என்பதும்தான்.

பிறகு

பாரடைஸ் கிட்டத்தட்ட முழுதாக எரிந்தது. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. 2020 ஜூனில் பிஜி அண்ட் ஈ கம்பெனி, 84 பேரின் மரணத்துக்குத் தான் காரணம் என்று நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சட்டப்படி விதிக்க முடிந்த அதிகபட்ச அபராதம் ஒரு உயிருக்கு 10,000 டாலர். மொத்தம் சுமார் 40 லட்சம் டாலர், விசாரணைச் செலவையும் சேர்த்து. கம்பெனியை ஜெயிலில் போட முடியாது என்பதால் வழக்கு அதோடு முடிந்தது. இழப்பீடு தனிக் கணக்கு, அது பெரிய தொகை. ஆனாலும் அந்த 10,000 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுக் கடந்து போக முடியவில்லை.

ஊர் மெல்ல மெல்லத் திரும்பக் கட்டப்பட்டு வருகிறது. 2023ல் ஊர் முழுக்க சைரன் கோபுரங்கள் வைத்தார்கள். போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காதில் விழும். நல்ல விஷயம். ஆனால் சைரன் சேதிதான் சொல்லும். கட்டிலில் இருப்பவரைத் தூக்கிக் காரில் உட்கார வைக்காது. அதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும்.

யாரை முதலில் காப்பாற்றுவது என்று தீ வந்த காலையில் யாரும் முடிவு செய்வதில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ரோட்டைக் குறுக்கிய வருடத்தில், கொக்கியை மாற்றாமல் விட்ட வருடங்களில், செல்போன் எண்ணை அவரவர் பதிவு செய்துகொள்ளட்டும் என்று விட்ட நாளில், கொஞ்சம் கொஞ்சமாக அந்த முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

இதை எழுதி முடித்துவிட்டு, எங்கள் தெருவில் தானாக எழுந்து வெளியே வர முடியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து மூன்று பேர். அம்மாவிடம் கேட்டேன். ஐந்து என்றார். நீங்களும் உங்கள் தெருவை ஒருமுறை எண்ணிப் பாருங்களேன்.